மோடமும் மூன்று கம்ப்ளெயின்டும்

கம்ப்யூட்டரில் மோடம் மாட்டி மெசேஜ் போக வைப்பது பத்து நிமிட வேலை. போன மெசேஜுக்கும் போகாத மெசேஜுக்கும் பதில் சொல்வதுதான் மாசக்கணக்கில் இழுக்கும்.

தோளில் சர்வீஸ் பையையும் முகத்தில் சிரிப்பையும் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் என் இனமே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாட்டும் மோடம் சோப்பு டப்பா அளவுதான். உள்ளே ஒரு சிம் கார்டு, வெளியே ஒரு குட்டி ஆன்டெனா, கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். ஒரு தடவை டைப் அடித்தால் லிஸ்ட்டில் இருக்கிற எல்லாருக்கும் மெசேஜ் போய்விடும். வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதுக்கு என்று கேட்காதீர்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், தெரியும்.

நான் சேர்ந்த கடையும் அம்பத்தூரில்தான். முதலாளி செல்வம் சார் நல்ல மனுஷன், ஆனால் போன் மணி அடித்தால் மட்டும் முகம் மாறிவிடும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாக்குறேம்மா, கலா. அதுக்குள்ள மூணு கம்ப்ளெயின்ட் போன் வந்துச்சுன்னா பையை வெச்சுட்டுப் போயிடணும்." போவது எங்கே? திருமுல்லைவாயிலில் என் அத்தை பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அங்கே எனக்கென்று ஒரு நாற்காலிக்கு அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். டிப்ளமோ படித்துவிட்டு, வயரைப் பிடித்த கையால் நூலைப் பிடித்து ஊரார் புருவத்தைத் திருத்த எனக்குத் துளியும் மனசில்லை. இந்த வேலை எனக்கு வேணும். அவ்வளவுதான்.

பீரோவுக்குள் போன வயர்

வானகரத்தில் கஜேந்திரன் அண்ணன் தண்ணி லாரி ஓட்டுகிறார். லாரி எப்போது வரும் என்று வாடிக்கை வீடுகளுக்கு மெசேஜில் சொல்ல மோடம் கேட்டிருந்தார். ஆபீஸ், வீடு எல்லாம் ஒரே ஹாலில். "இன்ஜினியர் வரலையா?" என்றுதான் என்னை வரவேற்றார். நான்தான் இன்ஜினியர் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். மாட்டிக் காட்டினேன், மெசேஜ் ஜோராகப் போனது. மறுநாள் காலை செல்வம் சாருக்குப் போன்: ஒன்றுகூடப் போகவில்லையாம். முதல் கம்ப்ளெயின்ட்!

விழுந்தடித்து ஓடினேன். கம்ப்யூட்டர் மேஜைமேல் இருக்கிறது, மோடத்தைக் காணோம். வயர் மட்டும் மூலையில் இருக்கும் இரும்பு பீரோவின் இடுக்கில் நுழைகிறது. யாராவது லவட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பட்டுப்புடவைகளோடு உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார் மனுஷன்! சாவி அவர் மனைவியின் இடுப்பில். மனைவி பூந்தமல்லிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு மணி நேரம் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா வந்து கதவைத் திறந்ததுதான் தாமதம், தேங்கி நின்ற மெசேஜெல்லாம் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. கஜேந்திரன் அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"பூட்டி வெச்சா சிக்னலு உள்ள வராதுன்னு நேத்தே சொல்றதுக்கு இன்னாம்மா? நான் இன்னா கனாவா கண்டேன்?"

வணக்கத்துக்கே தீர்ந்த கணக்கு

சேக்காட்டில் ஒரு குடியிருப்போர் சங்கம். செயலாளர் பரமசிவம் ஐயா, பாதுகாப்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சங்கத்தில் தொண்ணூறு வீடு. "ஐயா, ஒரு சிம்மில் ஒரு நாளைக்கு நூறு மெசேஜ்தான். தமிழில் எழுபது எழுத்தைத் தாண்டினால் அதையே இரண்டு, மூன்று என்று கணக்குப் போட்டுவிடும், சுருக்கமாக எழுதுங்கள்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நம்பக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. மெஷின் இருபது வீட்டோடு நின்றுபோய்விட்டதாம். இரண்டாவது கம்ப்ளெயின்ட்! போய்ப் பார்த்தால், 'பெரும் மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர் அவர்களுக்கும், அன்னாரது குடும்பத்தினர் அனைவருக்கும், செயலாளரின் பணிவான வணக்கங்கள்' என்று ஆரம்பித்து, நலம் விசாரித்து, வெயில் பற்றி நாலு வார்த்தை சொல்லி, கடைசி வரியில்தான் நாளைக்குத் தண்ணீர் வராது என்ற சேதியே வருகிறது. வீட்டுக்கு ஐந்து மெசேஜ். இருபது வீட்டோடு நூறும் காலி. மிச்சம் எழுபது வீடு குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

வேறு வழியில்லை. என் போனில் இருந்த சிம்மைக் கழற்றி மோடத்தில் போட்டு, 'நாளை தண்ணீர் வராது. பிடித்து வையுங்கள்' என்று நானே அடித்து எழுபது பேருக்கும் அனுப்பினேன். அன்றிலிருந்து சேக்காட்டின் பாதி ஜனம் தண்ணீர் எப்போது வரும் என்று என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறது. ஐயாவுக்கு மட்டும் நான் அனுப்பியது பிடிக்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தண்ணி வராதுன்னு இப்படி மொட்டையா சொன்னா, தண்ணி வந்த பெறவும் ஒருத்தரும் நம்மகிட்ட பேச மாட்டாங்கம்மா."

ஒரே ஒரு டெஸ்ட்

மூன்று மாசம் முடிய இரண்டு நாள் பாக்கி. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு பட்டறை. ராகவன் சார் என்பவர் முதலாளி, இரண்டு ஷிப்டு. இங்கே மட்டும் எதுவும் சொதப்பக் கூடாது என்று காலையில் சாமி கும்பிட்டுவிட்டுப் போனேன். கம்பெனி போனில் இருந்த பழைய சிம்மையே மோடத்தில் போட்டேன், நம்பர் மாறாமல் இருக்கட்டும் என்று. என் நம்பருக்கு 'டெஸ்ட்' என்று ஒரு வார்த்தை அடித்து அனுப்பினேன். என் போன் சிணுங்கியது. ஆஹா! பெட்டியைக் கட்டி, வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் திரையைக் கவனித்தேன். 'எல்லாருக்கும்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

சரி, டெஸ்ட் என்றுதானே போயிருக்கிறது, யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனி நம்பரில் இருந்து மெசேஜ் வந்தால் அங்கே ஒரே அர்த்தம்தான்: அவசர ஆர்டர், உடனே கிளம்பி வா. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதே இல்லை. அரை மணி நேரத்தில் இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் முப்பது பேர் டிபன் பாக்ஸோடு கேட்டில் நிற்கிறார்கள். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லீவு போட்டவர்கூடப் பாதிப் பந்தியில் எழுந்து வந்துவிட்டார். ராகவன் சார் வெளியே வந்தார். அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் மூத்தவரான முனுசாமி அண்ணாத்தே என்னைச் சமாதானப்படுத்தினார்.

"மெசேஜு வந்துச்சு, வந்துக்கினோம். ஊட்டுக்குப் போவச் சொல்லி இன்னொரு மெசேஜு தட்டிவுடு தங்கச்சி, போயிக்கினே இருக்கோம்."

மூன்றாவது போன்

கடைக்கு வந்ததும் செல்வம் சார் கேட்பதற்கு முன்னால் பையை அவர் மேஜைமேல் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ராகவன் சார்தான். செல்வம் சார் முகம் மாறியது. "ம்... ம்... டெஸ்ட்டா? ... எத்தனை பேரு?" என்று கேட்டுக்கொண்டே என்னை முறைத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தையின் நாற்காலி, நூல்கண்டு, வரிசையாக ஊரார் புருவம் எல்லாம் கண்முன்னே வந்து போயின.

போனை வைத்தார். "அவர் ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் தட்டிக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பாதிப் பேர்தான் வர்றாங்களாம். நீ ஒத்த வார்த்தை அனுப்பி அரை மணி நேரத்துல மொத்த ஷிப்டையும் கொண்டாந்து நிறுத்திட்டியாம், லீவுல இருந்தவனையும் சேர்த்து. அவரோட ஆவடி பட்டறைக்கும் ஒண்ணு வேணுமாம். இதே பொண்ணுதான் வந்து மாட்டணுமாம்." நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், இரண்டும் கலந்து விக்கல் வந்துவிட்டது. செல்வம் சார் பையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இனிமே இது உன் பைதான், ஆவடிக்குக் கெளம்பு, ஆனா அங்க போயி டெஸ்ட்டு மட்டும் பண்ணித் தொலைக்காத தாயே!"

அத்தையின் பார்லரில் அந்த நாற்காலி இன்னும் எனக்காகத்தான் இருக்கிறது. மாசம் ஒரு தரம் போய் அதில் உட்கார்ந்து என் புருவத்தை மட்டும் திருத்திக்கொண்டு வருகிறேன்.