மின்னாவின் முதல் பாதி

ஜனவரிக் குளிரில், பிராட்வே நாடக அரங்கு ஒன்றின் வாசலில், கோட்டு இல்லாமல் நிற்கிறாள் மின்னா ஸ்பீவாக். நாற்பத்தைந்தாம் தெருவின் காற்றில் மூக்கு சிவந்துவிட்டது. கோட்டை எதிர்ச்சாரிக் காப்பிக் கடையில் விட்டு வந்திருக்கிறாள். இடைவேளையில் சிகரெட் பிடிக்க வெளியே வருகிறவர்கள் கோட்டை இருக்கையில் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். கோட்டோடு நின்றால் குட்டு உடைந்துவிடும். வாயில் பற்ற வைக்காத சிகரெட் வேறு. மணி அடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய், காலி இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது.

பகலெல்லாம் ஏழாவது அவென்யூவில் சீமாட்டிகளின் கோட்டுக்கு லைனிங் தைக்கிறாள். "ஊருக்கெல்லாம் கோட்டு தைக்கிறவ நானு. தெருவுல வெறும் உடம்போட நடுங்கறவளும் நான்தான்" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

உலகப் போருக்கு முன்னிருந்தே பிராட்வேயின் பாட்டு நாடகங்களை விடாமல் பார்க்கிறாள். ஒன்றின் முதல் பாதியைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் என்ன? முதல் பாதியில் காதலித்துப் பாடிய பாட்டைப் பின்பாதியில் பிரிந்து நின்று நாலு வரி பாடுவார்கள், அது அங்கே வழக்கம். அந்த நாலு வரி போதும் மின்னாவுக்கு. முழுப் பாட்டையும், அதைப் பாட நேர்ந்த கதையையும் தானே கட்டிவிடுவாள். மறுநாள் சாப்பாட்டு வேளையில் தையல் அறையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பக்கத்து மெஷின் கார்மேலா ஒரு தரம், தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனோடு முழு நாடகத்தையும் பார்த்துவிட்டு வந்து சண்டைக்கு நின்றாள்.

"நீ சொன்ன மாதிரி ஒண்ணுமே இல்லடி! அந்த மாலுமி அவளைக் கப்பல்ல பாக்கவே இல்ல. ஏதோ கல்யாண வீட்டுல பாக்கறான். எங்களுக்குக் கொட்டாவிதான் வந்துச்சு."

"அப்படியா எழுதி வச்சிருக்கான் அந்த நாடகக்காரன்? பாவம், அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள் மின்னா, ரொட்டியைக் கடித்தபடி.

"உன்னோடதுதான் நல்லா இருந்துச்சு, போ" என்று கார்மேலாவே ஒப்புக்கொண்டாள்.

இந்தக் குளிர்காலத்தில் அரங்குக்குப் புது மேலாளர் வந்தார். ஹாலரன் என்று பெயர். வந்த வாரமே கூட்டத்துக்கு நடுவில் மின்னாவின் முழங்கையைப் பிடித்தார்.

"முதல் பாதில இந்த மூஞ்சிய நான் பாக்கலியே! ஓசில வந்து உக்கார இது கோயில் இல்லம்மா. இனிமே டிக்கெட் இல்லாம இந்த வாசல்ல பாத்தேன், போலீஸ்தான்."

சிகரெட் பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மின்னாவுக்குக் காது மடல் எரிந்தது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் வாயே திறக்கவில்லை. தையல் அறையில் அன்று ஒருத்திக்கும் ரொட்டி இறங்கவில்லை.

பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டார்கள், கீழ்த்தளத்தில், நட்டநடு வரிசையில். "தலை நிமிந்து போடி. ஆரம்பத்துலேருந்து பாரு" என்றாள் கார்மேலா.

மின்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஆரம்பத்துலேருந்து பாத்துட்டா நாளைக்கு உங்களுக்கு என்னத்தடி சொல்றது? அவன் எழுதினதையா?"

வியாழக்கிழமை திரை எழுந்தபோது மின்னா எதிர்ச்சாரிக் கடையில் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். இடைவேளை விட்டதும் தெருவைக் கடந்தாள். கோட்டு இல்லாத கூட்டத்துக்கு நடுவே, வாயில் வழக்கமான சிகரெட்டோடு, கழுத்துப் பொத்தான் வரை போட்ட கறுப்புக் கோட்டில் போய் நின்றாள். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

ஹாலரன் பார்த்துவிட்டார். "மறுபடியுமா? சொன்னேன்ல?" என்று பாய்ந்து வந்தவரின் மூக்குக்கு நேரே டிக்கெட்டை நீட்டினாள்.

அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "மேடம்... முதல் பாதி முடிஞ்சு போச்சே."

"தெரியும். அத நான் பாத்துக்கறேன். நீங்க கிழிங்க."

மணி அடித்தது. உள்ளே போக வேண்டிய கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. மின்னா வழியை விடவில்லை. ஹாலரன் கிழித்தார். தன் துண்டை வாங்கிக் கையுறைக்குள் செருகிக்கொண்டு, வாயிலிருந்த பற்ற வைக்காத சிகரெட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் உள்ளே போனாள்.