முனியாண்டிக்கு விட்ட பூனைகள்

காலையில் போய்க் கூண்டுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. ஹப்புத்தளைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில், எலிக்கும் பூனைக்கும் கூண்டு வைக்கிறோம். அந்தக் காட்டில் மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று இருக்கிறது. இந்தத் தீவின் குளிர்ந்த காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஓடிப் பிழைக்கத் தெரியாத பிராணி. ஆளைக் கண்டால் கிளையோடு ஒட்டிக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பூனைக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கொழுந்து பறித்துப் பறித்து முதுகு விட்டுப்போன பிறகு கிடைத்த வேலை இது. இந்த ஓணான் ஆராய்ச்சியை நடத்துகிற மிஸ் ஒரு சிங்களவர். என்னோடு பாதித் தமிழ் பேசுவார். காட்டுக்குள் போகுமுன் சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் முக்கித் தேய்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். களைவிதையோ, தவளையைக் கொல்லும் பூஞ்சணமோ நம் காலோடு உள்ளே போய்விடக் கூடாதாம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் இதை வைத்தே என்னைக் கேலி பண்ணித் தீர்த்தார்கள். நாமெல்லாம் சாமிக்குச் செருப்பைக் கழற்றுகிறோம், இவள் காட்டுக்குச் சப்பாத்தைக் குளிப்பாட்டுகிறாள் என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

என்னைக் களைக்க வைத்தது பூனைதான்.

காடு தொடங்குமிடத்தில் எங்கள் முனியாண்டி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், மேலே ஒரு தகரம். லயத்தில் பூனை குட்டி போட்டு, வளர்க்க ஆளில்லை என்றால், குட்டிகளை உரப்பையில் போட்டு வெள்ளிக்கிழமை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். சிரட்டையில் பால் ஊற்றி, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். கொன்றால் பாவம், ரோட்டில் விட்டாலும் பாவம், சாமிக்கு விட்டால் பாவமில்லை. பால் தீர்ந்ததும் குட்டிகளில் பாதி செத்துப்போகும். மீதி காட்டுக்குள் போகும். பசித்த வயிறு கொம்பு இருக்கிறதா இல்லையா என்றா பார்க்கும்?

அவற்றைக் கூண்டில் பிடித்து, பதுளைக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, வளர்க்க ஆள் தேடிக் கொடுப்பது எங்கள் திட்டம். ஆனால் சாமிக்கு விட்டதைப் பிடித்தால் ஊர் சும்மா இருக்குமா? நான் வைத்த கூண்டுகளை யாரோ திறந்துவிட்டுப் போனார்கள். யாரோ என்ன யாரோ, எல்லாருந்தான். மூடிய கதவுக்குப் பின்னால் பூனை அழுதால் அவர்களுக்குப் பொறுக்காது. பண்டிகை நாளில் எனக்குப் பலகாரம் கொடுத்துவிடுகிற கைகள்தான் அவை. சண்டை போடவும் முடியவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன மழைக்கு முன்னால் மிஸ் வந்து சரிவு முழுக்க நடந்து பார்த்தார். ஒரே ஒரு ஓணான்தான் கண்ணில் பட்டது. வயிறு பெருத்த பெட்டை. மிஸ் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. பூனை இப்படியே வந்துகொண்டிருந்தால் இந்தச் சரிவைக் கைவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத வேறு மலைக்கு வேலையை மாற்றிவிட வேண்டியதுதான் என்றார். எல்லா இடத்தையும் காப்பாற்ற நம்மிடம் ஆள் இல்லையே என்றார். நியாயந்தான். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் கைவிட்டால் அந்தப் பெட்டையும் போச்சு, அது மண்ணைத் தோண்டி வைக்கப்போகிற முட்டையும் போச்சு.

முனியாண்டிக்குப் பூசை செய்வது என் வீட்டுக்காரர். ஃபாக்டரி வேலை போக மீதி நேரமெல்லாம் அந்தக் கல்லுக்குத்தான். பெரிய பூசையன்று அவர்மேல் சாமி வரும். மிஸ் சொன்னாலும் தோட்டத்துத் தொரை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத லயம், சாமி சொன்னால் மறுபேச்சுப் பேசாது.

பூசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். சாமி ஆடும்போது, இங்கே பூனை விடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வந்தா வரும், வரலேன்னா இல்ல. வராத சாமிய வந்ததா நான் ஆட மாட்டேன்."

"ஒரு வார்த்தைதாங்க."

"அத சொல்லிட்டு மறுநா காலையில நான் எப்புடி அங்க போயி வெளக்கேத்துறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்க சாமி நாளைக்கும் அங்கேயே இருக்கும், அந்த ஓணான் இருக்குமா என்று கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பூசை நாள்வரை வீட்டில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். சமாதானம் பேசக்கூட எனக்குத் தெம்பில்லை.

பூசையன்று நல்ல வெயில். உடுக்கை அடிக்க அடிக்க அவர் உடம்பு நடுங்கியது. சாமி வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பற்றிக் கேட்டாள், இன்னொருத்தி மூட்டு நோவைப் பற்றிக் கேட்டாள். எல்லாருக்கும் விபூதி கிடைத்தது. நான் எதையும் எதிர்பார்க்காமல் பின்னால் நின்றேன். திடீரென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் நேரே என்னிடம் வந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

"என் வாசல்ல இனிமே பூனைய விடாதீங்கடா. இவ வாசல்ல விடுங்க. இவ பாத்துக்குவா."

என் நெற்றியில் விபூதியை அறைந்துவிட்டுச் சாமி மலையேறிவிட்டது. அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார்கள். நான் திகைத்துப்போய் நின்றேன். நான் கேட்டது பாதிதானே! மற்ற பாதியை யார் கேட்டது?

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வாசல் இஸ்தோப்பில் உரப்பை இருக்கும். பக்கத்தில் பால் சிரட்டை, கற்பூரம். எதிர்க் காம்பராவில் குடியிருக்கிற அக்கா என் வாசலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். வேண்டாங்கா, நான் சாமியில்ல என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே. குட்டிகளைக் கூடையில் வைத்துப் பதுளை பஸ்ஸில் கொண்டுபோகிறேன். கண்டக்டர் முறைக்கிறார். மிருக வைத்தியர் என்னைக் கண்டதும் பெருமூச்சு விடுகிறார். என் சேலையெல்லாம் பூனை மூத்திர வாடை. இதெல்லாம் எனக்குத் தேவையா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் கூண்டுகளை யாரும் திறப்பதில்லை. காட்டுக்குள் இருந்த பூனைகளும் ஒவ்வொன்றாக அகப்பட்டன. மழை விட்ட பிறகு ஒரு நாள் பாசி படிந்த கிளையில், கொம்புகூட இன்னும் சரியாக முளைக்காத சின்னஞ்சிறு ஓணான்களைக் கண்டோம். இந்தச் சரிவை விடமாட்டோம் என்று மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோசம் தாங்கவில்லை. ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயந்தரம் வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஞ்சைப் பாலில் நனைத்து ஒரு குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நல்லதுதானே என்றார். பிறகு, குட்டியிடமிருந்து கண்ணை எடுக்காமலே, அடுத்த பெரிய பூசைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். முழங்கால் வலியாம்.

இத்தனை வருசத்தில் அவர் முழங்கால் வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் எப்படிப் போய் விளக்கேற்றுவது என்று அன்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.