பிரித்துப் போட்ட பெட்ஷீட்டுகள்

ஜலஜாவுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஓர் ஆசைதான். துணிக்கடையில் நின்று துணி விற்க வேண்டும். இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். திருச்சி சின்னக்கடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்கு மகளாகப் பிறந்து பார்த்தால்தான் தெரியும். தம்பிகள் இருவரும் மீசை முளைப்பதற்கு முன்பே கடைக்குப் போனார்கள். ஒருவனுக்குக் கணக்கு வராது, இன்னொருவனுக்கு வாயே திறக்காது. ஜலஜாவுக்கு இரண்டும் வரும். ஆனால் பெண் கடையில் நின்றால் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மத்தியானம் சாப்பாட்டு கேரியரைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மட்டும் அனுமதி. போன சாக்கில் கொஞ்ச நேரம் நின்று, கடைக்காரர்கள் புடவையை எடுத்துப் போடுகிற அழகை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வருவாள்.

மாப்பிள்ளை கிடைத்தார். பத்மநாபன், எலெக்ட்ரிகல் இன்ஜினியர், நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேச மாட்டார். முடிவெடுத்துவிட்டுத்தான் சொல்லுவார், அதையும் மெதுவாகச் சொல்லுவார். அவர் பின்னாலேயே ஜலஜா நியூ ஜெர்ஸிக்கு வந்தாள், பனி தள்ளினாள், ரம்யாவைப் பெற்றாள். அப்புறம் சிலிக்கான் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சான் ஹோசேக்கு வந்தாள். ரம்யா பள்ளிக்கூடம் போய், தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பெண்ணாக வளர்ந்துவிட்டாள். வீட்டில் பகல் முழுக்க ஜலஜாவும் வாக்யூம் கிளீனரும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1986 ஜனவரியில் மால் ஒன்றில் இருந்த பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வாசலில் ஒரு போர்டு. வொய்ட் சேலுக்குத் தற்காலிகமாக ஆள் தேவை, மூன்று வாரம். கடையின் பெயர் பெம்பர்ட்டன்ஸ். வருஷப் பிறப்பு முடிந்ததும் பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாவற்றையும் விலை குறைத்துத் தள்ளுவதற்குப் பெயர்தான் வொய்ட் சேல். அந்தக் காலத்தில் எல்லாமே வெள்ளைத் துணியாம். இப்போது பச்சையும் ஊதாவும் பூப்போட்டதும் விற்றாலும் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஜலஜா உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"மூணு வாரம்தானே, பொழுது போகட்டும்" என்றார் பத்மநாபன்.

அவளுக்கு வேண்டியது பொழுதுபோக்கு இல்லை. தற்காலிகமாக எடுத்த மூன்று பேரில் ஒருவரை சேல் முடிந்ததும் நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் கேரல் முதல் நாளே சொல்லியிருந்தாள். மற்ற இரண்டு பேரும் காலேஜ் பெண்கள். ஜலஜாவுக்கு நாற்பது. அந்த ஒருவர் நான்தான் என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாள்.

தீர்மானம் செய்தவள் முதல் நாளே குட்டையைக் குழப்பினாள். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் பெட்ஷீட் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். பிளாஸ்டிக் உறையின் மேல் விரலால் தடவினாள். வைத்துவிட்டு நகரப் போனாள். ஜலஜாவுக்குப் பொறுக்கவில்லை. துணி வாங்க வந்தவளுக்குத் துணியைக் காட்டாமல் அனுப்புவதா? பாக்கெட்டைச் சரக்கென்று கிழித்தாள், ஷீட்டை உதறினாள், மேஜை மேல் ஒரே வீச்சில் விரித்தாள். அந்த அம்மாள் பயந்துபோய், சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றாள்.

"வாங்க வேண்டாம், பாருங்கள்" என்று ஜலஜா இங்கிலீஷில் சொன்னாள். திருச்சியில் அப்பாவின் கடையில் நாளெல்லாம் காதில் விழுந்த வார்த்தை அது. சொல்லும்போதே அவள் உடம்பு சிலிர்த்தது. நீலத்துக்கு மேல் மஞ்சளைப் போட்டாள், மஞ்சளுக்கு மேல் பூப்போட்டதைப் போட்டாள். அந்த அம்மாள் இரண்டு செட் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போனாள். மேஜை மேல் மிச்சம் ஒரு மலை கிடந்தது.

கேரல் வந்தாள். ஒல்லியானவள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கோபம் வந்தால் அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வாள். அன்றைக்கு மாட்டிக்கொண்டாள். பிரித்த பாக்கெட்டைப் புதுச் சரக்கு என்று விற்க முடியாது, பாதி விலை மேஜைக்குத்தான் போகும், இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தால் நீ வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஜலஜாவுக்கு முகம் சுட்டது. திருச்சியில் புடவையை விரித்தால் திரும்ப மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். இந்த ஊரில் மடித்த துணி பழைய துணியாகிவிடுகிறதே!

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டில் சொன்னாள்.

"ரூல்னா ரூல்தான் ஜலஜா. திறந்து காட்டலைன்னா இப்ப என்ன ஆயிடும்?" என்றார் பத்மநாபன், ரசம் சாதத்தைப் பிசைந்தபடி.

ரம்யா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மா, நோபடி வான்ட்ஸ் டு பீ ஃபாலோட் இன் எ ஸ்டோர்" என்றாள்.

அப்பாவும் பெண்ணும் சேர்ந்து பேசிய ஒரே விஷயம் இதுதான் போலிருக்கிறது என்று ஜலஜாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே விடாத மழை. வந்த கொஞ்சம் பேரும் பாக்கெட்டை எடுத்தார்கள், தடவினார்கள், வைத்தார்கள், போனார்கள். பாதி விலை மேஜையில் அவள் பிரித்த ஷீட்டுகளும் வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்தவையும் குப்பை மாதிரி குவிந்து கிடந்தன. அதை ஒருவரும் தொடவில்லை.

பணியாளர்கள் காபி குடிக்கிற அறையில் கடையின் பழைய போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. 1912 ஜனவரி, அந்த வருஷத்து வொய்ட் சேல். பெரிய பெரிய தொப்பி வைத்த பெண்கள் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு மொய்க்கிறார்கள். ஜலஜா அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கவுன்ட்டருக்கு உள்ளே நிற்கிற பெண்களைப் பார்த்தாள். கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக இளம் பெண்கள், அவர்கள் கையிலிருந்து துணி அருவி மாதிரி கொட்டுகிறது. கவுன்ட்டர் முழுக்கப் பிரித்த துணி! காபியைக் கீழே வைத்துவிட்டுப் போய் கேரலைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே வந்தாள்.

"உங்கள் கடையிலேயே திறந்துதானே போட்டிருக்கிறார்கள்?"

அப்போது பிளாஸ்டிக் கிடையாது என்றாள் கேரல்.

"பிளாஸ்டிக் புதிது. வாங்குகிற பெண்கள் பழைய பெண்கள்தானே? பாக்கெட் எதையும் நான் தொட மாட்டேன். பாதி விலை மேஜையில் கிடக்கிற பிரித்த ஷீட்டுகளை மட்டும் கொடுங்கள். அதை விரித்துக் காட்டுகிறேன், வாங்குகிறவர்கள் புதுப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போகட்டும்."

கேரல் கண்ணாடியை மாட்டினாள், கழற்றினாள். மழையில் வியாபாரம் படுத்துக் கிடந்தது. அந்தக் குப்பையும் எப்படியும் விற்கப் போவதில்லை. சரி, சனிக்கிழமை ஒரு நாள் பார், அன்றைக்கும் இப்படியே இருந்தால் டவல் மடிக்கப் போய்விடு, வேலையைப் பற்றி அப்புறம் என்னிடம் பேசாதே என்றாள்.

சனிக்கிழமை காலை ஜலஜாவுக்கு ஒரு மேஜை கிடைத்தது. ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். யார் வந்தாலும் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். சும்மா பார்க்கிறேன், சும்மா பார்க்கிறேன் என்று கையை உயர்த்திக்கொண்டு தப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பாக்கெட்கூட விற்கவில்லை. பின்னாலேயே வந்தால் யாருக்கும் பிடிக்காது என்று ரம்யா சொன்னது சரிதானோ? திருச்சியில் இப்படி யாரும் ஓடமாட்டார்களே. ஏன் ஓடமாட்டார்கள்? யோசித்தாள். அங்கே வந்தவர்களை முதலில் உட்காரவைப்பார்கள். உட்கார்ந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்!

நேரே செருப்பு விற்கிற பக்கம் போனாள். அங்கே நின்ற பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்கு முன்னால் போட்டாள். முதலில் பெண்கள் யாரும் உட்காரவில்லை. புருஷன்மார்கள்தான் உட்கார்ந்தார்கள். மனைவியின் பின்னால் மால் முழுக்கப் பை தூக்கி நடந்த பாவப்பட்ட ஜீவன்கள், நாற்காலியைக் கண்டதும் தொப்பென்று விழுந்தார்கள். புருஷன் உட்கார்ந்தால் மனைவி நிற்கத்தானே வேண்டும்? நின்றவள் முன்னால் ஜலஜா ஒரு ஷீட்டை உதறிப் போட்டாள். வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்ததைப் போட்டாள். கை தானாக நீண்டது, துணியைத் தொட்டது, கன்னத்தில் வைத்துப் பார்த்தது. நாலு பேர் நிற்கிற இடத்துக்குத்தான் ஐந்தாவது ஆள் வருவான், அது எந்த ஊரிலும் அப்படித்தான். மத்தியானத்துக்குள் மேஜையைச் சுற்றி முழங்கையால் இடித்துக்கொள்கிற கூட்டம். காலேஜ் பெண்கள் இரண்டு பேரும் கிடங்கிலிருந்து பாக்கெட் எடுத்துக் கொடுத்தே களைத்துப்போனார்கள். ஜலஜாவின் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் வாழ்நாளில் இருந்ததில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பழகிய குரல் கேட்டது.

"ஜலஜா! நீயா?"

பக்கத்து ஊரான பிளசன்டனில் இருக்கிற விசாலாக்ஷி ஆன்ட்டி. டாக்டர் மனைவி. நவராத்திரிக்கு அவர் வீட்டுக் கொலுவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அந்தப் பக்கத்தில் கிடையாது, அவர் வாயில் விழாத குடும்பமும் கிடையாது.

"இங்க வர்க் பண்றியா என்ன? ஏம்மா, பத்மநாபனுக்கு ஜாப்ல ஏதாவது ப்ராப்ளமா? லே-ஆஃப் கீ-ஆஃப்னு..."

அந்த வருஷம் சிப் கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். ஜலஜா கையில் இருந்த ஷீட்டோடு ஒரு நொடி நின்றாள். கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம், பொழுதுபோக்குக்கு வந்தேன் என்று பொய் சொல்லலாம். இரண்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அவருக்கு ஒரு ப்ராப்ளமும் இல்ல ஆன்ட்டி. எனக்குத்தான் ஆசை, வந்தேன். நின்னுட்டே இருக்கீங்களே, உக்காருங்க. கெஸ்ட் ரூம்க்கு எந்த கலர் போட்டிருக்கீங்க?"

ஆன்ட்டி உட்கார்ந்தார். பேச வாயைத் திறந்தபோதெல்லாம் முன்னால் ஒரு ஷீட் வந்து விழுந்தது. கடைசியில் கெஸ்ட் ரூம், மாஸ்டர் பெட்ரூம், மகனுடைய ஹாஸ்டல் ரூம் எல்லாவற்றுக்கும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். துணி வாங்கினாலும் சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே போன் வந்தது. பத்மநாபன்தான் எடுத்தார். உம் கொட்டிக்கொண்டே கேட்டார், மெதுவாக வைத்தார்.

"ஜலஜா, எனக்கு லே-ஆஃப்னு பிளசன்டன் பூரா பேச்சு. வேற ஏதாவது ஹெல்ப் வேணுமான்னு கேக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? மூணு வாரம் முடியட்டும், அதோட போதும்."

முடிவெடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். ஜலஜா பதில் பேசவில்லை. அவருக்கு அது சம்மதமாகப் பட்டிருக்க வேண்டும், டிவி பார்க்கப் போய்விட்டார். அவள் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். அப்பாவிடம் அன்றைக்கும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றோம் என்று நினைத்தபோது பத்மநாபன் மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் கோபம் அதிகமாக வந்தது.

சேலின் கடைசி நாள் மாலையில் கேரல் கூப்பிட்டாள். பாராட்டெல்லாம் இல்லை. நாற்காலிகளைச் செருப்புப் பக்கமே திருப்பி வைத்துவிடு, உனக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்றாள். வேலை உனக்குத்தான், திங்கட்கிழமை வரலாம், வேண்டுமானால் வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்குச் சொல் என்றாள்.

"கலந்து பேச ஒன்றும் இல்லை. வருகிறேன்" என்றாள் ஜலஜா. சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

பார்க்கிங் லாட்டில் பத்மநாபன் காரில் காத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"குட். என்ன சொன்னாங்க?"

"திங்கக்கிழமைலேர்ந்து வரச் சொன்னாங்க. வரேன்னு சொல்லிட்டேன்."

சாவியைத் திருப்பப் போன கை நின்றது. "என்னைக் கேக்காமயா?"

இந்தக் கேள்விக்கு அவள் வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ரம்யா வளர்ந்துவிட்டாள், வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், சமையலுக்குக் குறை வைக்க மாட்டேன் என்றெல்லாம். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"அமெரிக்காவுக்கு டிக்கெட் போட்டப்ப என்னைக் கேட்டீங்களா? நியூ ஜெர்ஸி வேணாம், சான் ஹோசே போறோம்னு முடிவு பண்ணப்ப கேட்டீங்களா? நான் பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்பி வந்தேன்ல?"

அவள் குரல் உயரவில்லை. பத்மநாபன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேர்மையான மனிதர், கேள்வி கேட்டால் யோசித்துப் பார்ப்பார். என்றைக்காவது ஒரு நாள் கேட்டிருப்போம் என்றுதான் தேடினார். பன்னிரண்டு வருஷத்தைத் துழாவியும் அப்படி ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. காரைக் கிளப்பினார். மால் வாசலைத் தாண்டி, ஃப்ரீவேயில் ஏறி, இரண்டு எக்ஸிட் போன பிறகு தொண்டையைச் செருமினார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?"

"ஒம்பதரைக்கு."

"ஒம்பதுக்கு எனக்கு ஸ்டாஃப் மீட்டிங் இருக்கு." கொஞ்ச தூரம் போனார். "உன்னைக் கொண்டு விடணும்ல, தள்ளி வெச்சுக்கட்டுமா?"

கேட்டார். ஜலஜா கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "வெச்சுக்கோங்க" என்றாள்.