தையல் வேண்டாத சால்வை

என் எழுத்து கோணலாக இருக்கும். ஒரே வரியில் ஓர் எழுத்து பெருத்தும் ஒன்று சிறுத்தும் கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்க ஊசி பிடித்த விரல் இது. பேனா பிடிக்க, கடந்த மழைக்காலத்தில்தான் மருமகளிடம் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிந்ததும் நானே அதை வாசித்துப் பார்க்கிறேன். வாசிக்க வருகிறது! அந்தச் சந்தோஷத்தில் நான் எழுதும் முதல் பெரிய விஷயம் எங்கள் பாதிரியார் மத்தாயி அச்சனின் சாவாக இருப்பதுதான் எரிச்சல்.

மட்டாஞ்சேரி படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் கடைவாசலில் வந்து சொன்னார்: "அந்தோணி சேட்டா, நம்ம அச்சன் போயி." தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு, அலமாரியில் இருந்த காவிச் சால்வையை எடுத்துக்கொண்டு எறணாகுளம் படகில் ஏறினேன். அச்சன் தங்கியிருந்த குருக்கள் மடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு உடுத்தி முடித்துவிட்டார்கள். வெள்ளைப் பட்டில் தங்கச் சரிகை போட்ட பூசை உடுப்பு. அவருடைய வெள்ளி விழாவுக்கு நான் தைத்தது. என் கையிலிருந்து வந்தவற்றில் அதைவிட நல்ல வேலை இல்லை. அவருக்கோ அது பிடித்ததே இல்லை.

அச்சனை உங்களில் பலருக்குத் தெரியும். குருமடத்தில் இறையியல் சொல்லிக்கொடுத்தவர், ஜெர்மனியில் படித்தவர். மலையாளிதான், என்னோடு மட்டும் தமிழ் பேசுவார். ரோமில் ஆயர்கள் எல்லாரும் கூடிப் பேசி, அந்தந்த ஊர் மொழியில் பூசை செய்யலாம் என்று ஆன பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், காவித் துணியோடு கடைக்கு வந்தார்.

"சேட்டா, இதைத் தைக்க வேண்டா. ஓரம் மாத்திரம் மடிச்சுத் தா. இதைப் போட்டுத் தரையில உக்காந்து பூசை வைக்கப் போறேன்."

"அப்ப உடுப்பு, அச்சா?"

"அந்த உடுப்பு பழைய ரோமாக்காரன் தெருவில போறப்ப மழைக்குப் போட்டது. சாமி கொடுத்ததில்ல."

"அப்படின்னா நான் இத்தனை வருசமா எவனோ ஒருத்தனோட மழைக்கோட்டுக்கா சரிகை வெச்சுத் தச்சேன்?"

அவர் பெஞ்சில் சாய்ந்து சிரித்தார். எனக்குக் கோபம். தைக்காத துணிக்குத் தையல்காரன் எதற்கு?

ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது தன் ஜெர்மன் வாத்தியாரைப் பற்றிச் சொன்னார். பெரிய இறையியல் அறிஞர். அவர் ஒரு தத்துவக்காரரிடம் பாடம் கேட்டவராம். அந்தத் தத்துவக்காரரோ சபையை விட்டு விலகிப் போனவர். "விலகிப் போனவன் கேட்ட கேள்வியை வெச்சுத்தான் எங்க வாத்தியார் விசுவாசத்தைப் புதுசாப் புரிஞ்சுக்கிட்டார். கேள்வி எந்த வாசல் வழியா வந்தா என்ன, சேட்டா?" என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைக் கேட்கும்போதெல்லாம் "பின்ன சொல்றேன்" என்பார்.

என் கடை பெஞ்சில் அவரோடு, ரோமாவோடு சேராத யாக்கோபாய சபையின் அச்சன் ஒருவரும் வந்து உட்காருவார். இந்த ஊரில்தான், நம் கூனன் குரிசு என்னும் சாய்ந்த சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்து, ரோமாவின் ஆட்களுக்கு அடங்க மாட்டோம் என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்தார்கள். அதன் பிறகு பிரிந்த இரண்டு கூட்டத்திலிருந்தும் ஆளுக்கொருவர் என் பெஞ்சில் சாயா குடித்தார்கள்.

"முடிச்சுப் போட்டது பழைய ஆட்கள். அவிழ்க்க நமக்கு விரல் இல்லியா?" என்றார் நம் அச்சன்.

"விரல் உண்டு மத்தாயி. நகத்தை உங்க ரோமாக்காரங்க வெட்டி வெச்சாச்சே" என்றார் மற்றவர்.

சால்வை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, அச்சன் பூசை வைக்கத் தொடங்கியதும் ஊர் கொதித்தது. அச்சன் இந்துவாகிவிட்டார் என்றார்கள் நம் சர்ச்சுக்காரர்கள். எதிர்ச் சாப்பாட்டுக் கடை பாலக்காட்டுப் பிராமணரான பட்டர் என்னிடம் வந்து சண்டை பிடித்தார்: "ஓய் அந்தோணி, உங்க அச்சன் எங்க காவியைப் போத்திண்டு யாரைப் பிடிக்கப் பாக்கறார்?"

அச்சன் நேரே அவர் கடைக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தார். "யாரையும் பிடிக்க வரல்ல சாமி. நான்தான் மாட்டிக்கிட்டேன்" என்றார். பட்டர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். அச்சன் அன்று ஜெயித்தது அந்த ஒரு கரண்டிதான்.

கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: சால்வை வேண்டாம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தக் கீழ்ப்படிதல்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம். துணியை மடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"வெச்சிரு சேட்டா. என்னைப் புதைக்கறப்ப இதைப் போத்தினாப் போதும். செத்தவனுக்கு உத்தரவு ஒண்ணும் வராதே."

இதைத்தான் அச்சன் இறந்த அன்று மடத்துத் தலைவரான சுப்பீரியரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். என் தோளில் கை வைத்து, "இந்த உடுப்பு நீங்க தைச்சதல்லே? இதைவிட என்ன மரியாதை வேணும்?" என்றார்.

"மரியாதைக்கு வரல்ல அச்சா. அவர் கேட்டது இது."

"எழுத்தில் ஏதாவது உண்டோ? வாய்ச்சொல்லை வெச்சு நான் எப்படிச் செய்ய?"

எழுத்தில் இல்லை. என்னிடம் அவர் எதையும் எழுதித் தந்ததில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். எழுத்துப் பழகியதைச் சொல்லி அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடினார்கள். சால்வை என் கக்கத்திலேயே இருந்தது.

அச்சனிடமிருந்து எனக்குக் கிடைத்தது, பாதி புரிந்த பேச்சும் பதில் வராத சில கேள்விகளும். அவை என்னோடு இருக்கட்டும். சால்வை அப்படியல்ல, அது அவருடையது. நாற்பத்தொன்றாம் நாள் பூசையன்றாவது அதை அவர் கல்லறைமேல் போர்த்த வேண்டும். அதைக் கேட்டு அடுத்த வாரம் சுப்பீரியருக்கு எழுதப் போகிறேன். இதை எழுதவே இத்தனை நாள் ஆகியிருக்கிறது, அதற்கும் ஒரு வாரம் வேண்டும். எழுத்தில் உண்டோ என்று கேட்டார் அல்லவா? இனி உண்டு. கோணலாக இருக்கும். வாசித்துக்கொள்ளட்டும்.