இறக்கத்தில் நியூட்ரல்

வாடகைக் கார் ஓட்டும் பெரியவருக்கு இறக்கம் வந்தால் கை சும்மா இருக்காது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது பழைய வண்டியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இப்போது ஓட்டுவதோ ஆட்டோமேட்டிக்.

“எத்தன தடவ சொல்றது அண்ணே? ஓடுற ஓட்டத்துல திரும்ப டிரைவ்ல போட்டா கியர்பாக்ஸ் உள்ளயே தேயும். பெட்ரோலும் மிச்சமாகாது. மண்டையில ஏறவே ஏறாதா?” என்று எரிந்து விழுந்தான் பட்டறை மெக்கானிக்.

“சரிப்பா,” என்றார்.

திட்டிக்கொண்டே அவன் டீ வாங்கிக் கொடுத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சத் திட்டையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரைத் திட்ட ஆளில்லை.

பட்டறையைத் தாண்டியதும் முதல் இறக்கம் வந்தது. மெக்கானிக் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. நியூட்ரலுக்குத் தள்ளினார்.