இரை மீட்காத குதிரை

எங்கள் வீட்டில் ஒரு குதிரை பட்டினி கிடந்தது என்றால் பண்டத்தரிப்பில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மாட்டுக்கு வைத்த பிறகுதான் மனிதருக்கு உலை வைக்கிற வீடு அது. நான் மருமகளாகப் போன முதல் கிழமையே அதைத் தெரிந்துகொண்டேன். விடிய எனக்குத் தேத்தண்ணீர் கிடைக்குமுன் எருதுகள் பிண்ணாக்குத் தண்ணீர் குடித்து முடித்திருக்கும்.

நெடுந்தீவில் படிப்பித்துக்கொண்டிருந்த என் கணவர்தான் குதிரையை அனுப்பினார். அந்த வருடம் தீவில் மழை பிழைத்துக் குளங்கள் வற்றி, யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் திரிகிற குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அதில் ஒரு இளம் பெட்டையைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றிவிட்டார். கூட வந்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரே வரி: "ஐயா பாத்துக்கொள்ளுவார்."

அந்த ஐயா, என் மாமா, பார்த்தார்; குறை சொல்ல முடியாது. வண்டிச் சவாரி எருதுகளுக்கு எப்படியோ அப்படியே அதற்கும். காலையில் ஒரு கத்தை வைக்கோல், பின்னேரம் ஒரு கத்தை. இடையில் ஒன்றும் வைக்கக்கூடாது. தின்றதை மாடு திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து இரை மீட்கிற நேரத்தில் தீனி காட்டுவது பாவம் என்பது மாமாவின் சட்டம்.

குதிரை வைக்கோலைத் தின்றது. பிறகு மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"பிள்ளை, இது வந்த நேரம் தொட்டு ஒருக்காலும் இரை மீட்கேல்லை. வயித்திலை ஏதோ பிழை."

மாடு இரை மீட்காவிட்டால் தீனியைக் குறைத்து மருந்து கொடுப்பார்கள். மாமாவும் வைக்கோலைப் பாதியாக்கினார். இஞ்சியும் உள்ளியும் மிளகும் அரைத்து, மூங்கில் குழாயைக் கடைவாயில் செருகி ஊற்றினார். அப்போதும் அது இரை மீட்கவில்லை. பின்னேரக் கத்தையும் நின்றது. ஒரு கிழமையில் விலா எலும்பு தெரிந்தது. வறட்சிக்குத் தப்பி வந்த சீவன் எங்கள் வைத்தியத்துக்குத் தப்பாது போலிருந்தது. மாடு வளர்க்காத வீட்டில் பிறந்த நான் என்னத்தைச் சொல்ல? வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் சுபாவம் அல்ல என்பதால் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

ஒரு நாள் விடியற்காலையில் மாமா வெங்காயத்தோடு சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போட்டாள்.

"பிள்ளை, உங்கடை குதிரை எங்கடை வேலியையெல்லோ தின்னுது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். புதிதாக அடைத்த தென்னோலைக் கிடுகில் பெரிய ஓட்டை, அதற்குள் குதிரையின் தலை. எங்கள் ஊரில் வேலி அரை அடி தள்ளினாலே இரண்டு தலைமுறைக்குக் கதைபேச்சு இராது. எனக்கோ வேலியைப் பற்றிய நினைப்பே இல்லை. காய்ந்த கிடுகைத் தின்கிற மிருகத்துக்கு வயிற்றில் வருத்தமாம்! கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஊர் ஓரத்து மேய்ச்சல் தரவைக்கு நடந்தேன்.

மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுக்கும். இது மேலுதட்டால் துழாவி, வேண்டியதை மட்டும் தெரிந்தெடுத்து, முன்பல்லால் நறுக்கென்று கடித்தது. கோரையை ஒதுக்கியது. சாணி கிடந்த இடத்தைச் சுற்றிப் போனது. இரண்டு வாய், ஒரு அடி. இரண்டு வாய், ஒரு அடி. வெயில் உச்சிக்கு வந்தும் படுக்கவில்லை, நிறுத்தவுமில்லை.

சந்தையால் வந்த மாமா கொட்டில் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு தரவைக்கே வந்துவிட்டார்.

"வருத்தக்கார மிருகத்தை ஏன் பிள்ளை அவிட்டனி?"

"வருத்தமில்லை மாமா, பசி. விடியத் தொட்டுத் தின்னுது, பாருங்கோ."

மாமா குனிந்து பார்த்தார். பிறகு கிட்டப் போய் அதன் மேலுதட்டை உயர்த்தினார். கடைவாயால் மருந்து ஊற்றியவர் முன்வாயை அன்றுதான் பார்த்தார். மேலே வரிசையாகப் பல். இரை மீட்கிற மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது என்பது அவருக்குத் தெரியாததா? உதட்டை விட்டுவிட்டு, துருத்தி நின்ற விலா எலும்புகளைத் தடவினார்.

"நான் இதைப் பட்டினி போட்டிட்டன் பிள்ளை."

அவரோடு வாதாட வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் அதை விட்டுவிட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த நாள் விடியவே அவர் குதிரையோடு தரவைக்குப் போய்விட்டார். மத்தியானமாகியும் காணவில்லை. சோற்றைக் கட்டிக்கொண்டு போனேன். வேப்பமர நிழலில் கயிற்றைப் பிடித்தபடி இருந்தார்.

"சாப்பிடுங்கோ மாமா."

"அது தின்னட்டும். அது நிப்பாட்டினாப் பிறகு சாப்பிடுறன்."

"அது நிப்பாட்டாது மாமா."

"ஓம், தெரியும்," என்றார்.

குதிரை ஒரு அடி முன்னே வைத்தது. எனக்கும் பசித்தது. சோற்றுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.