எதிரிக்கு முகம் வந்த கதை

நெப்டியூனுக்கு அப்பால் நடந்த ஒரு போரை நிக்கத் நான்கு வருடமாக நடத்திக்கொண்டிருந்தாள். நாற்பது கப்பல்கள், ஆறாயிரம் வீரர்கள். அத்தனையையும் அவள் ஏனாத்தூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டைவிரலால் போனில் தட்டியே நடத்தினாள்.

ஒலிமுகமதுபேட்டையில் வீடு. ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் வருமுன் சோடியம் விளக்குகளைப் போட்டுச் சூடாக்கி வைப்பது, உடைந்த லென்ஸை ரிஜிஸ்தரில் எழுதுவது, ஒயர்களைச் சிக்கெடுத்துச் சுருட்டி வைப்பது என்று பதினோரு வருடம் ஓடிவிட்டது. அப்பா கௌஸ் பாஷா திடீரென்று போய்ச் சேர்ந்ததில் எம்.எஸ்சி. முதல் வருடத்தோடு நின்றுபோனது. கல்யாணம் இரண்டு முறை பேசி, இரண்டு முறையும் கலைந்தது. முப்பத்தெட்டு வயதில் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

போர்க்கதைகளை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் தம்பி ஷோயப். சின்ன வயதிலிருந்தே ராணுவத்தில் சேரவேண்டும் என்ற ஒரே பிடிவாதம் அவனுக்கு. சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில நாவல்களாகப் பொறுக்கிக்கொண்டு வருவான். எல்லா அட்டையிலும் இரும்புக் கவசத்தில் ஒரு வீரன், கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் எரிகிற ஒரு கோள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன், இரண்டாம் நாளே அரக்கு நூல் கேட்டவருக்குப் பச்சை நூலை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினான். கவனமில்லாதவன் என்றார்கள். விஷயம் கவனத்தில் இல்லை, கண்ணில் என்பது ராணுவத்துக்கு ஆளெடுத்த இடத்தில்தான் தெரிந்தது. சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி வைத்த ஒரு அட்டையைக் காட்டி உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். அவனுக்கு எண்ணே தெரியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து புத்தகங்களைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டான். அடுத்த வருடம் மஸ்கட்டுக்குப் போய்விட்டான்.

சாக்கைப் பிரித்தவள் நிக்கத். படிக்கப் படிக்க, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கதைகள் என்று தெரிந்தது. விவரம் தெரியாத ஒருவன் படையில் சேருவான். பயிற்சி முகாமில் ஒரு சார்ஜெண்ட் அவனைத் திட்டியே ஆளாக்குவார். கவசத்தை மாட்டிக்கொண்டு வானத்திலிருந்து அறியாத மண்ணில் குதிப்பார்கள். காதலியின் படத்தை எடுத்துக் காட்டுகிறவன் அடுத்த அத்தியாயத்தில் செத்துப்போவான். எதிரி பூச்சியாக இருப்பான், இல்லாவிட்டால் இயந்திரமாக இருப்பான். அவனுக்கு முகம் இருக்காது. மேலிடத்து அதிகாரிகள் முட்டாள்களாக இருப்பார்கள். கதாநாயகன் கட்டளையை மீறி ஜெயிப்பான், கடைசியில் பதக்கத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பான். யார் எப்போது சாவார்கள் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே நிக்கத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் அழுவாள். அந்தக் கதைகளில் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

ஒரே ஒரு எரிச்சல்தான். விண்வெளிக் கப்பல்கள் ஆட்டோ மாதிரி சட்டென்று வளைந்து திரும்பும். இயற்பியல் படித்தவளால் அதைப் பொறுக்க முடியவில்லை. தானே எழுத ஆரம்பித்தாள். தொடர்கதைகள் போடுகிற ஒரு செயலியில் ‘காஞ்சி என்.பி.’ என்ற பெயரில் ‘ஏழாம் படையணி’ தொடங்கியது. கதாநாயகன் லெப்டினன்ட் ஆதன். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் அவன் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அதனால் விளக்குகளை நம்பாமல் கூட இருப்பவர்களின் குரலை நம்புவான். ஷோயபை எந்தப் படையும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்காளின் படையில் அவன் அதிகாரி. ஷோயபுக்கு அது தெரியும். மஸ்கட்டில் அவனோடு தங்கியிருந்தவர்கள் ஒவ்வொரு அத்தியாயமாகப் படித்துவிட்டு, அதே கண் என்பதால் அவனை ‘லெப்டினன்ட்’ என்றே கூப்பிட்டார்கள்.

படிப்பவர்கள் கூடினார்கள். செயலியின் ஆசிரியர் குழுவிலிருந்து சீனிவாசன் என்பவர் அவ்வப்போது போன் செய்வார். சென்னைக்காரர், மரியாதையான பேச்சு. நேரில் பார்த்ததில்லை.

“மேடம், நூத்தி பத்து எபிசோட் ஆச்சு. எதிரிய இன்னும் காட்டல நீங்க.”

“தூரம் அப்படி சார். அவங்க சிக்னலே நாலு மணி நேரம் கழிச்சுதான் நமக்கு வந்து சேருது. மூஞ்ச எங்க பாக்கறது?”

“ஃபிசிக்ஸ் எல்லாம் சரி மேடம். படிக்கறவனுக்குக் கோவம் வரணும் இல்ல? யார் மேல வரும்? ஒரு மூஞ்சி வேணும்.”

“குடுக்கறேன் சார்” என்றாள்.

நூற்றுப் பதினெட்டாம் அத்தியாயத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். எதிரியின் கப்பல் ஒன்று செயலற்று மிதக்கிறது. ஆதனும் சார்ஜெண்ட் கண்ணாயிரமும் ஆறு வீரர்களும் அதற்குள் நுழைகிறார்கள். இருட்டான நடைபாதை, தலைக்கவசத்துக்குள் மூச்சுச் சத்தம். இந்த இடத்தில் கூரையிலிருந்து ஏதாவது பாயவேண்டும். எதுவும் பாயவில்லை. குறுகலான படுக்கைகள் இருந்தன. சுவருக்குச் சுவர் கட்டிய கொடியில் துணி காய்ந்தது. குளிரில் விறைத்துப்போன சட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கைகள். சுவரில் ஒரு குழந்தை வளர வளர அதன் உயரத்தைக் குறித்த கோடுகள். நூற்றுப் பதினேழு அத்தியாயமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த கண்ணாயிரம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு சட்டையை எடுத்து, மடித்து, படுக்கைமேல் வைக்கிறார். அதைப் பஸ்ஸில் எழுதி முடித்தபோது நிக்கத்துக்கு, இதுவரை எழுதியதெல்லாம் இந்த ஒரு இடத்துக்காகத்தான் என்று தோன்றியது.

பின்னூட்டங்கள் வந்து கொட்டின. ‘சண்டைக் கதைன்னு வந்தா துணி காயப்போட்டுக்கினு இருக்காங்க.’ ‘எதிரிக்காக அழுவுறதுக்கு எனக்கு நேரம் இல்ல.’ ‘என்.பி. சார் சரக்கு தீந்துபோச்சு.’ பாதிப் பேர் பாதியிலேயே மூடிவிட்டுப் போனதாக சீனிவாசன் சொன்னார். அடுத்த அத்தியாயத்தை இப்போது அனுப்பவேண்டாம், மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் கூப்பிடவில்லை. மூன்று வாரம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை திரிஷா பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செவிலிமேட்டிலிருந்து வருகிற இரண்டாம் வருட மாணவி. ஆய்வகத்தில் நிக்கத்திடம் ஒட்டிக்கொண்ட பெண். நிக்கத் எழுதுகிறவள் என்பது அவளுக்குத் தெரியாது.

“மேடம், நீங்க ஏழாம் படையணி படிக்கறதில்லையா? செமயா போவுது. நேத்து எதிரிய காட்டிட்டாங்க!”

நிக்கத் எதையும் அனுப்பியிருக்கவில்லை. “குடும்மா, பாக்கறேன்” என்று போனை வாங்கினாள்.

நூற்றுப் பத்தொன்பதாம் அத்தியாயம். மேலே ‘காஞ்சி என்.பி.’ என்று அவள் பெயர். எதிரிகள் வரிசை வரிசையாக மண்டியிட்டு ஒரு நட்சத்திரத்தை நோக்கிக் குனிந்தார்கள். உயரமான கோபுரத்திலிருந்து ஒரு நீண்ட ஓலம் அவர்களை நாளுக்கு ஐந்து முறை கூப்பிட்டது. அவர்களுடைய பெண்கள் தலையிலிருந்து கால்வரை கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். வதவதவென்று பெற்றுப் போடுகிற இனம் என்றார் கண்ணாயிரம். குட்டிகள் நிறைந்த தொட்டில் கப்பல் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். மேலிடம் வேண்டாம் என்கிறது. லெப்டினன்ட் ஆதன் கட்டளையை மீறி அதைக் கொளுத்துகிறான்.

“ஒரு மாதிரி பயமா இருக்கானுங்க இல்ல மேடம்?” என்றாள் திரிஷா. அவள் முகத்தில் கள்ளமே இல்லை. நிக்கத்தின் தலையில் இருந்த துப்பட்டாவையும் அந்தக் கறுப்புத் துணியையும் அந்தப் பெண் ஒரு கணம்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று நிக்கத்துக்குத் தெரியவில்லை.

செயலிக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்தது. கதை, பாத்திரங்கள், புனைபெயர் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம்; சேரும்போது ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்; இனி ஒரு குழுவும் ஒரு மென்பொருளும் சேர்ந்து எழுதும் என்று நான்கு வரி. நான்கு வருடத்துக்கு முன் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற ஒரு சின்னக் கட்டத்தில் விரலை வைத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. படித்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷோயப் கூப்பிட்டான். அக்காளை அவன் ஆபா என்றுதான் கூப்பிடுவான்.

“ஆபா, அத நீயா எழுதின?”

“இல்லப்பா.”

“உன் பேருதானே இருக்குது?”

“பேரையும் எடுத்துக்கினாங்க.”

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். “ரூம்ல முனிரத்தினம் அண்ணன் சத்தமா படிச்சாரு. நல்ல மனுஷன் ஆபா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வெச்சுக் குடுத்தவரு. அந்தத் தொட்டில் கப்பல நான் கொளுத்தற எடம் வந்ததும் எல்லாரும் கை தட்டினாங்க. என் முதுவுல தட்டி, ‘லெப்டினன்ட், வுட்டியே ஒரு அடி’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“சிரிச்சேன். வேற என்ன பண்றது?” என்றான். “என்னை அங்கேருந்து எடுத்துடச் சொல்லு ஆபா. சாவடிச்சிடச் சொல்லு, பரவால்ல.”

அன்றைக்கே சீனிவாசனைக் கூப்பிட்டாள். கதையைத் திருப்பிக் கேட்கவில்லை. எதிரியை மாற்றச் சொல்லவில்லை. ஆதனை மட்டும் கொன்றுவிடுங்கள் என்று கேட்டாள்.

“ஹீரோவையா? மேடம், இந்த மாதிரிக் கதையில ஹீரோ சாவமாட்டான். உங்களுக்குத் தெரியாததா?”

“சார், நீங்க அந்த எபிசோட படிச்சீங்களா?”

“படிச்சேன் மேடம். எனக்கும் கஷ்டமாதான் இருந்துது. ஆனா மூணு மடங்கு பேர் படிக்கறாங்க. நான் போய் என்னன்னு சொல்றது?”

கடைசியாக அந்த அத்தியாயத்தின் கீழேயே தன் சொந்தப் பெயரைப் போட்டு எழுதினாள். ‘இந்தக் கதையைத் தொடங்கியவள் நான். நூற்றுப் பதினெட்டு வரை நான் எழுதியது. இது நான் எழுதியதில்லை.’ ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘என்.பி. சார் ஆம்பள. போய் வேற வேலையப் பாரு.’ அடுத்தது: ‘பேரப் பாத்தாலே தெரியுது ஏன் வலிக்குதுன்னு.’ அதற்கு நானூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அவள் எழுதியதை நீக்கி, அவள் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். கேலி செய்தவர்களுடையது அப்படியே இருந்தது.

அப்புறமும் அவள் விடவில்லை. மழைக்காலம் முழுவதும் தன்னுடைய முடிவைத் தனியாக எழுதினாள். பன்னிரண்டு அத்தியாயம். எதிரியின் சிக்னலை ஒருவழியாக மொழிபெயர்க்கிறார்கள். போர் தொடங்கிய முதல் மாதத்திலிருந்தே அவர்கள் சமாதானம் கேட்டு வந்திருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆதன் அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறான். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, திரிஷாவிடம் கொடுத்தாள். தெரிந்தவர் ஒருவர் எழுதியது என்று மட்டும் சொன்னாள். யாராவது ஒருவர் படித்துவிட்டு, இதுதான் சரி என்று சொன்னால் போதும் என்று இருந்தது.

நான்கு நாள் கழித்து திரிஷா திருப்பிக் கொண்டுவந்தாள்.

“நல்லாதான் இருக்குது மேடம். ஆனா ஒரிஜினல் மாதிரி இல்ல. யாரோ ஃபேன் எழுதின மாதிரி இருக்குது. ஆதன் இப்பிடில்லாம் யோசிக்கமாட்டான்.”

“அப்பிடியா?”

“ஆமா மேடம். அவனுக்கு அவங்க மேல அவ்ளோ வெறி. உங்க ஃப்ரெண்டு கதைய சரியா படிக்கல போல.”

நிக்கத் அந்தப் பிரதியை வாங்கி ஆய்வக அலமாரியில் பழைய கையேடுகளுக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் போனை வெளியே எடுக்கவில்லை. ஷோயப் அந்த அறையைக் காலி செய்துகொண்டு வேறு இடத்துக்குப் போனான். புது இடத்தில் யாருடனும் அதிகம் பேசுவதில்லை என்றான். வாரம் ஒருமுறை வந்த போன் மாதம் ஒருமுறை ஆனது. அம்மா உம்முசல்மா காரணம் கேட்டபோது, அவனுக்கு வேலை ஜாஸ்தி என்று நிக்கத் சொல்லிவைத்தாள்.

பிப்ரவரியில் டிபார்ட்மென்ட் டே வந்தது. இரண்டாம் வருடத்தார் ‘ஏழாம் படையணி’யை நாடகமாகப் போடுவதாக முடிவு செய்தார்கள். காலையில் திரிஷாவும் இன்னும் மூன்று பேரும் மூச்சு வாங்க ஆய்வகத்துக்கு ஓடிவந்தார்கள்.

“மேடம், ப்ளீஸ் மேடம். டார்க் ரூம்ல அந்தக் கறுப்புத் திரைங்க இருக்குது இல்ல? ஒரு மணி நேரத்துக்குக் குடுங்க. எதிரிப் பொம்பளைங்களுக்குப் போர்த்திக்க வேணும்.”

நிக்கத் அவர்களைப் பார்த்தாள். நால்வரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டூலைப் போட்டு ஏறி, வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மொத்தம் ஆறு திரை. தூசியை உதறிக் கொடுத்துவிட்டு ரிஜிஸ்தரை நீட்டினாள். திரிஷா கையெழுத்துப் போட்டாள்.

“நீங்களும் வாங்க மேடம், முன் ஸீட்டு புடிச்சு வெக்கறேன்.”

“நீ போம்மா.”

கொஞ்ச நேரத்தில் வராந்தா காலியானது. ஆடிட்டோரியத்திலிருந்து விசிலும் கைதட்டலும் கேட்க ஆரம்பித்தன. யாராவது கூப்பிட வந்தால் போகவேண்டியிருக்கும். நிக்கத் எழுந்துபோய் ஆய்வகக் கதவை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டாள்.